பரங்கிக்காயின் மஞ்சள்

பரங்கிக்காய் என்பது வெள்ளரி, பாகல், சுரை, பீர்க்கு ஆகியவை அடங்கிய குக்கர்பிட்டேசி குடும்பத்துக் கொடிக்காய். சென்னையிலும் தஞ்சாவூர்ப் பக்கமும் பரங்கிக்காய் என்றும், கொங்கு நாட்டில் அரசாணிக்காய் என்றும், பிற ஊர்களில் மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்றும் வழங்குவது இதுதான். வெறுமனே பூசணிக்காய் என்றால் எந்தப் பூசணி என்று கேட்க வேண்டியிருக்கும். திருஷ்டி சுற்றி உடைப்பதும் மோர்க்குழம்பில் போடுவதும் காசி அல்வா கிளறுவதும் வெண்பூசணி. இலங்கையில் அதை நீத்துப்பூசணி என்பார்கள். அது பெனின்காசா என்னும் வேறு பேரினம், ஆசியாவிலேயே தோன்றியது, சதை வெளுத்திருக்கும். பரங்கிக்காய் சேர்ந்திருப்பது குக்கர்பிட்டா பேரினத்தில். இரண்டின் சத்தும் வேறு. ஒன்றுக்குச் சொன்ன மருத்துவக் குணத்தை மற்றொன்றின் மேல் ஏற்றிவிடுவது உணவுக் குறிப்புகளில் அடிக்கடி காணும் பிழை. ஆகவே இங்கே பேசப்படுவது மஞ்சள் சதையுள்ள காயைப் பற்றி மட்டுமே.

குக்கர்பிட்டா பேரினத்தில் மனிதர் பயிராக்கிய இனங்கள் ஐந்து. அவற்றில் மாஸ்கேட்டா, மாக்சிமா, பெப்போ என்னும் மூன்றும் உலகெங்கும் பரவியவை. தமிழ்நாட்டுச் சந்தைக்கு வருபவை பெரும்பாலும் மாஸ்கேட்டா. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகக் காய் 7, 8 கிலோ எடை வரும். கோ 2 ரகம் ஒன்றரை, இரண்டு கிலோவோடு நின்றுவிடும். மாக்சிமா இனத்தில்தான் போட்டிக்கென்று வளர்க்கும் ராட்சதக் காய்கள் உண்டு. அவற்றுள் சில 1200 கிலோவைத் தாண்டியிருக்கின்றன. ஆனால் அவற்றின் சதை நீர்த்துப்போய் நாராக இருக்கும், சமையலுக்கு உதவாது.

இந்த இனங்கள் எல்லாவற்றுக்கும் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டங்கள். மெக்சிகோவின் ஓவாஹாகா மாநிலத்தில் கிலா நாகிட்ஸ் என்ற குகையில் கிடைத்த பெப்போ விதைகளுக்கு ஏறக்குறைய 10,000 ஆண்டு வயது என்று புரூஸ் ஸ்மித் என்ற தொல்லியலாளர் 1997இல் அறிவித்தார். அப்படியானால் அந்த நிலத்தில் மக்காச்சோளத்துக்கும் அவரைக்கும் முன்பே இது பயிராகிவிட்டது. காட்டில் வளர்ந்த மூதாதைக் காய்கள் சிறியவை. சதை மெல்லியது, கசப்பானது. முதலில் மனிதரை ஈர்த்தது விதைதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கசப்புக் குறைந்த செடியின் விதையைத் தலைமுறை தலைமுறையாக எடுத்து வைத்து விதைத்ததன் பலன்தான் இன்றைய தித்திப்பான சதை. 1492க்குப் பிறகு ஐரோப்பியக் கப்பல்களில் ஏறிய விதை ஆசியாவுக்கும் வந்தது. பரங்கியர் வழியாக வந்ததை அதன் தமிழ்ப் பெயரே சொல்லும்.

பரங்கிக்காயின் பயன் பெரும்பாலும் அதன் நிறத்தில் இருக்கிறது. சதைக்கு மஞ்சளும் ஆரஞ்சும் தருபவை கரோட்டினாய்டுகள் என்னும் நிறமிகள். இவை நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் மிச்சமுள்ள ஒளி நம் கண்ணுக்கு ஆரஞ்சாகத் தெரிகிறது. செடிக்கு இவை வெயிலின் கேட்டிலிருந்து காக்கும் கவசம். மனித உடலுக்கு வைட்டமின் ஏ செய்துகொள்ளும் மூலப்பொருள். சிறுகுடலின் சுவரில் உள்ள ஒரு நொதி பீட்டா கரோட்டின் மூலக்கூறை நடுவில் வெட்டுகிறது. இரண்டு பாதியும் வைட்டமின் ஏ ஆகும். ஆல்ஃபா கரோட்டினை வெட்டினால் ஒரு பாதிதான் தேறும்.

கணக்காகவே பார்க்கலாம். 100 கிராம் பச்சைப் பரங்கிக்காயில் சுமார் 3100 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினும் 4000 மைக்ரோகிராம் ஆல்ஃபா கரோட்டினும் இருப்பதாக அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியல் காட்டுகிறது. உணவிலிருந்து வரும் பீட்டா கரோட்டின் 12 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ என்பது ஊட்டச்சத்து வல்லுநர்கள் கையாளும் விகிதம். ஆல்ஃபாவுக்கு அது 24. வகுத்துக் கூட்டினால் 425 மைக்ரோகிராம் அளவு வருகிறது. வளர்ந்த ஒருவரின் ஒரு நாள் தேவை, எந்த நாட்டு அளவுகோலை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, 700 முதல் 1000 மைக்ரோகிராம். ஒரு கிண்ணம் கூட்டில் அதில் பாதியோ அதற்குச் சற்றுக் குறைவோ கிடைத்துவிடுகிறது. கூட்டுக்குக் காய் வாங்க ஆகும் செலவைப் பார்த்தால் இது பெரிய விஷயம். இந்தக் கணக்கு நல்ல நிறமுள்ள காய்க்கு. சதை வெளிறியிருந்தால் அளவு பல மடங்கு குறையும். வெட்டிய கீற்றை வாங்குபவர் நிறத்தைப் பார்த்து வாங்குவது சரியான வழக்கம்.

வைட்டமின் ஏ இல்லாமல் கண் இருட்டில் வேலை செய்யாது. விழித்திரையில் மங்கல் ஒளியை உணரும் செல்களில் ரொடாப்சின் என்ற பொருள் இருக்கிறது. வைட்டமின் ஏயின் ஒரு வடிவமும் ஒரு புரதமும் சேர்ந்ததுதான் அது. வரத்து குறைந்தால் முதலில் வருவது மாலைக்கண். பொழுது சாய்ந்ததும் குழந்தை தட்டுத் தடுமாறி நடக்கும். கவனிக்காமல் விட்டால் விழி வெண்படலம் வறண்டு, கருவிழி புண்ணாகிப் பார்வையே போய்விடும். தொற்று நோய்களை எதிர்க்கும் ஆற்றலும் குறையும். இதைத் தடுக்க 1970 முதல் இந்திய அரசு குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுத்து வருகிறது. வீட்டில் சமைக்கும் பரங்கிக்காய், முருங்கைக்கீரை, பப்பாளி முதலியன அதற்குத் துணை நிற்பவை. அவை இருக்கின்றன என்று சொட்டு மருந்தைத் தவிர்க்கக் கூடாது.

கரோட்டின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். இந்த ஒரு குணத்தைப் புரிந்துகொண்டால் பரங்கிக்காய்ச் சமையல் முழுவதும் புரிந்துவிடும். கொழுப்பு சேராமல் உண்டால் கரோட்டினில் பெரும்பகுதி குடலைத் தாண்டி வீணாக வெளியேறும். ஒரு வேளை உணவில் 3 முதல் 5 கிராம் கொழுப்பு இருந்தாலே போதும். தாளிக்கும் ஒரு சிறு கரண்டி எண்ணெய் அதற்குச் சரியாக இருக்கும். வேகவைப்பதும் அவசியம். பச்சைக் காயில் கரோட்டின் செல்சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. சூடு பட்டுச் சுவர் குழையும்போதுதான் வெளியே வரும். வேகும்போது வைட்டமின் சி கொஞ்சம் அழியும், பொட்டாசியம் தண்ணீரில் இறங்கும், கரோட்டின் பெரும்பாலும் தங்கிவிடும். காய் வெந்த தண்ணீரைக் கொட்டாமல் கூட்டிலேயே வற்றவிட்டால் பொட்டாசியமும் வீணாகாது.

அளவுக்கு மேல் தின்றால் என்ன ஆகும் என்ற கேள்வி எழலாம். வாரக்கணக்கில் நிறையத் தின்பவருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளிக்கும். பார்த்தால் காமாலை போல இருக்கும். ஆனால் கண்ணின் வெள்ளை விழி மஞ்சளாகாது என்பதால் பிரித்தறியலாம். கெடுதி இல்லை, காயைக் குறைத்தால் நிறம் மறையும். உடல் தனக்கு வேண்டிய அளவுதான் கரோட்டினை வைட்டமினாக மாற்றும் என்பதால் காய் தின்று வைட்டமின் ஏ நஞ்சாவதில்லை.

மாத்திரையின் கதை வேறு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை தந்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்பது எதிர்பார்ப்பு. 1994இல் வந்த முடிவு நேர்மாறாக இருந்தது. மாத்திரை உண்டவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இதே போன்ற இன்னோர் ஆய்வை 1996இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். காயில் இருக்கும் சத்தைத் தனியே பிரித்துப் பெரிய அளவில் விழுங்குவதும் காயைச் சமைத்து உண்பதும் ஒன்றாகா என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. புகைபிடிப்பவர்கள் கரோட்டின் மாத்திரைகளைத் தொடாமல் இருப்பதே நல்லது.

தித்திப்பாக இருப்பதால் நீரிழிவு உள்ளவர்கள் பரங்கிக்காயை ஒதுக்கிவிடுகிறார்கள். கிளைசீமிக் குறியீடு என்ற அளவில் இதன் எண் 75 என்று பட்டியல்களில் இருப்பதும் அச்சத்தைக் கூட்டுகிறது. அந்த எண் ஒரே அளவு மாவுச்சத்தை வைத்து ஒப்பிடுவது. பரங்கிக்காயிலோ 100 கிராமுக்கு 92 கிராம் தண்ணீர்தான். மாவுச்சத்து ஆறரை கிராம், ஆற்றல் 26 கலோரி. அதே எடை வெந்த சோற்றில் 28 கிராம் மாவுச்சத்தும் 130 கலோரியும் உண்டு. ஆகவே சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக் கூட்டில் ஒரு கரண்டியைக் கூட்டிக்கொண்டால் சர்க்கரை ஏறாது. வெல்லம் போட்டுக் கிளறினால் மட்டும் கணக்கு மாறும். பரங்கிக்காயின் சில கூறுகள் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாக எலிகளில் ஆய்வுகள் உண்டு. மனிதருக்கு மருந்தாகச் சொல்ல அது போதாது. நீரிழிவுக்குப் பரங்கிச் சாறு என்று விற்பதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

100 கிராமில் 340 மில்லிகிராம் பொட்டாசியமும் 1 மில்லிகிராம் சோடியமும் இருப்பது இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உகந்த விகிதம். சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் பொட்டாசியத்தை அளந்து உண்ண வேண்டியவர்கள். மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. புரதம் 100 கிராமுக்கு ஒரு கிராம்தான். அந்தக் குறையைப் பருப்பு சேர்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டு அடுப்படி பருப்பையும் கொழுப்பையும் ஒருசேரச் சேர்த்துத்தான் பரங்கிக்காயைச் சமைக்கிறது. பிஞ்சுக் காயைத் தோலோடு அரிந்து, அளவாகத் தண்ணீர் விட்டு வேகவைத்து, பாலும் துளி வெல்லமும் சேர்ப்பது பால்கூட்டு. காயே நீர் விடும் என்பதால் தண்ணீர் கூடினால் கூட்டு சளசளத்துப்போகும். பாலைக் கடைசியில் விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். முற்றிய காய்க்குப் புளி பொருந்தும். புளியின் அமிலத்தில் காயின் பெக்டின் எளிதில் கரையாது. அதனால் புளிக்குழம்பில் கிடக்கும் பரங்கித் துண்டு கரையாமல் உருக்குலையாமல் நிற்கிறது. முன்னமே அரைவேக்காடு வேகவைத்துப் போடாவிட்டால் உள்ளே கடுக்கென்று இருக்கும். காராமணி சேர்த்த புளிக்குழம்பும், சிறுபருப்புக் கூட்டும், தேங்காய் தூவிய அரசாணிக்காய்ப் பொரியலும் எளிய வீட்டு உணவுகள். திருவாதிரைக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் ஏழுகறிக் கூட்டில் பரங்கிக்கு நிச்சயமான இடம் உண்டு. மலையாளிகளின் எரிசேரியில் வன்பயறும், அவர்கள் மத்தங்காய் என்னும் பரங்கியும் சேர்ந்து வேகும்; மேலே தேங்காயைச் சிவக்க வறுத்துக் கொட்டுவார்கள்.

வட இந்தியாவில் வெந்தயமும் மாங்காய்ப்பொடியும் சேர்த்துப் புளிப்பும் இனிப்புமாகச் செய்த கத்தூ கறி பூரிக்குத் துணை. ஜப்பானில் கபோச்சா என்னும் கரும்பச்சைத் தோல் காயைச் சோயா சாறில் வேகவைத்து, ஆண்டின் மிக நீண்ட இரவு வரும் டிசம்பர் நாளில் உண்பது வழக்கம். இத்தாலியின் மாந்துவா நகரில் பரங்கி மசியலை மாவுக்குள் பொதிந்து வேகவைத்து வெண்ணெய் விட்டுப் பரிமாறுகிறார்கள். அமெரிக்கர்களின் நன்றி நவிலல் நாளில் முட்டையும் பாலேடும் சேர்த்துச் சுட்ட பரங்கி பை இல்லாத மேசை அரிது. பாலேடு, வெண்ணெய், தேங்காய், நல்லெண்ணெய் என்று ஊருக்கேற்ப மாறினாலும் எங்கும் கொழுப்பு கூடவே வருகிறது. சத்து நூல் எழுதப்படுவதற்கு முன்பே சமைத்தவர்கள் நாக்கைக் கேட்டுச் செய்த தேர்வு இது.

இவற்றில் தனித்துச் சொல்ல வேண்டியது ஹெய்ட்டி நாட்டின் ஜூமூ சூப். பரங்கிக்காயை மசித்து இறைச்சியும் காய்களும் சேர்த்துக் காய்ச்சுவது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் அதைச் சமைத்த அடிமைகளுக்கு உண்ணும் உரிமை இருக்கவில்லை. 1804 ஜனவரி 1 அன்று விடுதலை அறிவித்த அம்மக்கள் அந்த சூப்பைத் தங்கள் சுதந்திர உணவாக்கிக்கொண்டார்கள். இன்றும் ஒவ்வொரு ஜனவரி முதல் நாளும் எல்லா வீட்டிலும் அது கொதிக்கிறது. 2021இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

காய் மட்டுமல்லாமல் பூவும் தளிரும் உணவாகும். ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கும். ஆண் பூ நீண்ட மெல்லிய காம்பில் நிற்கும். பெண் பூவின் அடியில் குண்டுமணி போல ஒரு குட்டிக் காய் அப்போதே தெரியும். விடியலில் விரிந்து உச்சிப் பொழுதுக்குள் கூம்பிவிடும் அந்தச் சில மணி நேரத்தில் தேனீ வந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் குட்டிக் காய் மஞ்சளித்து உதிர்ந்துவிடும். கொடி வளர்ப்பவர்கள் சிலர் விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தாங்களே தடவிவிடுவது இதற்காகத்தான். ஆண் பூக்கள் தேவைக்கு மிகுதியாகப் பூப்பதால் பறித்துச் சமைத்தாலும் விளைச்சல் குறையாது. வங்காளத்தில் மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். ரோமில் உள்ளே பாலாடைக்கட்டி திணித்துப் பொரிக்கிறார்கள். மெக்சிகோவில் அடைக்குள் வைத்துச் சுடுகிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பூ மார்கழிக் கோலத்தின் நடுவே சாணிப்பிள்ளையார் மேல் ஏறுவதோடு சரி; சட்டிக்கும் கொஞ்சம் வரலாம். தளிர் இலையைக் கேரளத்தில் தோரன் செய்கிறார்கள்.

சமையலறையில் குப்பைக்குப் போகும் விதைதான் சத்தில் சதையை விஞ்சுவது. தோல் நீக்கி உலர்த்திய 100 கிராம் பருப்பில் புரதம் 30 கிராம், கொழுப்பு 49 கிராம், மெக்னீசியம் 590 மில்லிகிராம், துத்தநாகம் ஏறக்குறைய 8 மில்லிகிராம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் தின்றால் ஒரு நாளைக்கு வேண்டிய மெக்னீசியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்துவிடும். கூடவே 170 கலோரியும் வரும் என்பதால் அந்தக் கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கடையில் பச்சை நிறப் பருப்பு கிலோ நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறது. வீட்டில் முற்றிய காயை அரியும்போது குடலோடு வழித்தெடுத்த விதையைத் தண்ணீரில் அலசி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, வாணலியில் வெடிக்கும் வரை வறுத்தால் கொறிக்கத் தயார். விதையில் உள்ள ஃபைட்டேட் இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப்போடும்; ஊறவைத்து வறுத்தால் அது ஓரளவு குறையும்.

ஆஸ்திரியாவின் ஸ்டிரியா மாநிலத்தில் ஓடில்லாத விதை தரும் ஒரு பெப்போ ரகம் உண்டு. அதன் விதையை வறுத்துப் பிழிந்த எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவினால் பச்சை, கெட்டியாகக் கிண்ணத்தில் இருந்தால் சிவப்பு. 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு பெற்ற இந்த எண்ணெயைச் சமைத்த உணவின் மேல் சொட்டுவிடுவார்கள், பொரிக்கப் பயன்படுத்துவதில்லை.

விதைக்கு மருந்துப் பெயரும் உண்டு. நாடாப்புழுவுக்கு மருந்தாக 1863 முதல் 1936 வரை அமெரிக்க மருந்து நூலில் இடம்பெற்றிருந்தது. அதில் உள்ள குக்கர்பிட்டின் என்ற அமினோ அமிலம் புழுவைச் செயலிழக்கச் செய்கிறது. இன்று அதைவிட நம்பகமான மாத்திரைகள் வந்துவிட்டன. புராஸ்டேட் சுரப்பி வீங்கியதால் வரும் சிறுநீர்த் தொல்லைக்கு ஜெர்மனியின் மூலிகை வல்லுநர் குழு விதையை ஏற்றிருக்கிறது. தொல்லை தணியலாம், வீக்கம் குறையாது. ஆகவே மருத்துவரிடம் காட்டாமல் விதையை மட்டும் நம்பியிருப்பது முறையாகாது.

முழுக் காயைக் காம்போடு, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். காம்பு ஒடிந்த காய் அந்த இடத்திலிருந்துதான் அழுகத் தொடங்கும். வெட்டிய கீற்றில் விதையும் நாரும் முதலில் கெடுபவை. அவற்றை வழித்துவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் நாலைந்து நாள் இருக்கும்.

கசப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். மூதாதைக் காயைக் கசக்கவைத்த குக்கர்பிட்டாசின்கள் நஞ்சு. பயிராக்கிய ரகங்களில் அவை அநேகமாக இல்லை என்றாலும், அலங்காரத்துக்கு வளர்க்கும் கசப்பு ரகத்தின் மகரந்தம் கலந்த விதையை எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் திரும்ப வந்துவிடலாம். வேகவைத்தாலும் அழியாது. 2015இல் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில் இதே பேரினத்தைச் சேர்ந்த சுக்கினிக் காய், தோட்டத்தில் விளைந்தது, கசந்தும் உண்ட 79 வயது முதியவர் இறந்துபோனார். பிரான்ஸில் கசப்புக் காய் உண்ட இரண்டு பெண்களுக்கு வாந்தி வயிற்றுப்போக்கைத் தொடர்ந்து தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்ததை 2018இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. கடைக் காயில் இப்படி நேர்வது மிக அரிது. வீட்டு விதையிலிருந்து வளர்த்த காயில் கவனம் வேண்டும். அரிந்ததும் ஒரு சிறு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிட வேண்டும். அதன் விதையையும் எடுத்து வைக்கக் கூடாது.